வெள்ளமும் கல்லும்

வெயிலில் நடந்து வந்து, பாறசாலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்கிறோம் என்று கொள்வோம். "வெள்ளம் வேணோ?" என்று கேட்கிறார் வீட்டுக்கு உடையவர். தமிழில் வெள்ளம் ஊரை அழிப்பது; மலையாளத்தில் தாகத்தைத் தணிப்பது. ஆயினும் நாம் அஞ்சி எழுவதில்லை. அவர் கையிலுள்ள செம்பும் முகத்திலுள்ள பரிவும் அவர் கருதியது இன்னதென்று நமக்கு உணர்த்திவிடுகின்றன.

1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலத்தைப் பிரித்த கோடு சொற்களைப் பிரிக்கவில்லை. அங்குதான் இடர்ப்பாடு. 'அவசரம்' நமக்கு விரைவு; மலையாளிக்கு வாய்ப்பு. "ஓர் அவசரம் தரணும்" என்று பணிந்து வேண்டுபவரை, நம்மை விரட்டுகிறார் என்று எண்ணிச் சினந்தால், அவர் திகைத்து நிற்பதன்றி வேறென் செய்வார்? 'சம்சாரம்' நமக்கு மனைவி, அவர்களுக்குப் பேச்சு. தில்லியில் குடியேறிய நம்மவர் செவியில் விழும் 'சன்சார்' என்பதோ உலகம்!

மேகம் கறுத்தால் மழை என்கிறோம். நமக்குச் செய்தி சொல்லும் எண்ணம் மேகத்துக்கு இல்லை. செம்பை நீட்டுபவருக்கோ எண்ணம் உண்டு. அவ்வெண்ணத்தை நாம் அறிதல் வேண்டும் என்ற விருப்பமும் உண்டு. இவ்விரு வகைக் குறிகளின் வேறுபாட்டை ஆங்கிலத் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1957-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் விளக்கினார். சொல் வெளிப்படையாகவும் குறிப்பாகவும் பொருள் உணர்த்தும் என்று நம் நன்னூலார் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்ததும் இங்கு நினைவுக்கு வருகிறது.

சொல்லுக்கு மட்டும் உரியதன்று இது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைப் பக்கம் சென்றால், நெய்யாற்றின் கரையில் அருவிப்புரம் என்னும் சிற்றூர் உண்டு. ஆற்றில் கற்களுக்குக் குறைவில்லை. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு அவற்றுள் ஒன்றை எடுத்துச் சிவனாகப் பிரதிட்டை செய்தார். நீரில் கிடந்த வரையில் அது வெறுங்கல். அவர் கைப்பட்டபின் அது குறி. சாதியின் பெயரால் கோயில்களுக்குள் விடப்படாதிருந்த ஈழவ மக்கள் அக்கல்லில் இறைவனைக் கண்டனர். தங்கள் உரிமையையும் கண்டனர்.

பிரதிட்டை செய்ய இவருக்கு ஏது உரிமை என்று கேட்டவர்களும் உண்டு. தாம் வைத்தது ஈழவச் சிவனையே என்று குரு விடை கூறியதாகச் சொல்வர். கேட்டவர்கள் குறியைத் தவறாகப் படித்தார்கள் என்று நாம் கருதவில்லை. அக்கல்லில் குரு வைத்த கருத்தை அவர்கள் நன்றாகவே அறிந்துகொண்டனர். இல்லையேல் ஆற்றங்கல் ஒன்றைக் குறித்து அத்தனை சினம் ஏன்?