மூன்று ஒலிவாங்கிகளும் ஒரு மிருதங்கமும்

ஒரு மிருதங்கத்தை மூன்று ஒலிவாங்கிகளைக் கொண்டு பதிவு செய்கிறோம் எனக் கொள்வோம். வலந்தலைக்கு அருகில் ஒன்று, தொப்பிக்கு அருகில் ஒன்று, சற்று எட்டத்தில் அவையின் பக்கம் ஒன்று. பதிவு முடிந்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டால் குறை ஏதும் தென்படுவதில்லை. வலந்தலையின் நாதம் மணியென ஒலிக்கிறது. தொப்பியின் கும்கி நெஞ்சில் வந்து தங்குகிறது. மூன்றையும் ஒன்றாகக் கலந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. கும்கி மறைந்து, அட்டைப் பெட்டியைத் தட்டினாற்போன்ற வறட்டு ஒலி எஞ்சுகிறது. நல்லவை மூன்று சேர்ந்து நன்மை குறைந்த ஒன்றைத் தரும் இவ்விந்தையின் காரணத்தையும் மாற்றையும் இங்கே ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி ஒலிப்பதிவுக் கூடத்தாருக்கு மட்டும் உரியதென எண்ண வேண்டா. அந்தமானில் தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் அடுத்தடுத்து வாழும் ஜங்லிகாட்டில், பஜனைக் கூடம் ஒன்றில் எடுத்த பதிவை நாம் கேட்க நேர்ந்தது. வாசித்தவர் இளைஞர், அவருடைய ஆசிரியர் சோழநாட்டில் இருக்கிறார். சென்னையிலிருந்து கப்பலில் வருவதாயின் மூன்று நாள் செல்லும் தீவில் இருப்பவர் ஆசிரியருக்கு நேரில் வாசித்துக் காட்டுவது ஆண்டுக்கொரு முறை கைகூடினாலே பெரிது. ஆகவே பதிவை அனுப்பித் திருத்தம் பெறுவது வழக்கமாயிற்று. பதிவைக் கேட்ட ஆசிரியர், “இடக்கை உறங்குகிறது, தொப்பியில் உயிர் இல்லை” என்று சொல்லி அனுப்பினார். இளைஞர் தொப்பியில் ரவையை மிகுதியாக அப்பினார். விரல் வீங்கும்வரை ஓங்கி அடித்தார். அடுத்த பதிவிலும் அதே குறை. அவர் வாசிப்பை நேரில் கேட்ட நமக்கோ, அந்த இடக்கையில் ஒரு குறையும் தோன்றவில்லை. பழுது ஒலிவாங்கிகளுக்கு இடையே இருந்தது.

ஒலி என்பது காற்றின் நெருக்கமும் தளர்ச்சியும் மாறி மாறி ஓடும் அலை என்பதை யாவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். இரண்டு ஒலிவாங்கிகளின் பதிவைக் கலப்பது என்றால் அவ்விரண்டு அலைகளையும் கணத்துக்குக் கணம் கூட்டுவது என்றே பொருள். ஜங்லிகாட்டின் மீன்பிடித் துறையில் நின்றால் இதனைக் கண்ணாலேயே காணலாம். அடுத்தடுத்துக் கட்டிய இரு படகுகளின்மேல் ஒரு பலகை கிடக்கிறது. இரு படகும் ஒருங்கே எழுந்து ஒருங்கே தாழ்ந்தால் பலகையும் எழுந்து தாழும். ஒன்று எழும்போது மற்றது தாழ்ந்தால், பலகையின் இரு முனைகளும் ஆடிக் கொண்டிருக்க, நடுப்புள்ளி அசையாமல் நிற்கும். கடலிலோ அலைக்குக் குறைவில்லை. ஆயினும் நடுவில் நிற்பவனுக்கு அலை இல்லை. கலவை என்பது அந்த நடுப்புள்ளி. இரண்டு ஒலிவாங்கிகளும் கும்கியைக் குறைவின்றிக் கேட்டிருக்க, கலவையில் மட்டும் அஃது இல்லாமற் போவது இவ்வாறுதான்.

அலையின் ஏற்ற இறக்கத்தில் ஒரு கணத்தில் நிற்கும் இடத்தை ஆங்கிலத்தார் ‘ஃபேஸ்’ என்பர்; நம் பாடநூல்கள் ‘கட்டம்’ எனும். ஒரு சொற்குழப்பத்தை இங்கே களைந்துவிட வேண்டும். வீட்டுக்கு வரும் ‘த்ரீ ஃபேஸ்’ மின்சாரத்தை நாம் ‘மும்முனை’ என்று பெயர்த்துப் பழகிவிட்டோம். முனை வேறு, கட்டம் வேறு. மின்கலத்தின் நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி இணைப்பது போல அலை முழுவதையும் தலைகீழாகப் புரட்டுவது முனை மாற்றம். அதில் காலம் சம்பந்தப்படவே இல்லை. அலை முன்னோ பின்னோ தள்ளி வருவதால் நேர்வது கட்ட வேறுபாடு. மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஒலிக் கருவிகளைச் செய்யும் மேனாட்டாரும் முனையைப் புரட்டும் பொத்தானுக்கு ‘ஃபேஸ்’ என்றே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நம்பி, காலப் பிழைக்கும் அப்பொத்தானையே அழுத்துவோர் பலர்.

மிருதங்கத்தில் இரு பிழைகளும் உண்டு. முதலில் முனைப் பிழையைப் பார்ப்போம்.

மிருதங்கம் பலாமரத்தைக் குடைந்து இருபுறமும் தோல் போர்த்திய வாத்தியம். தொப்பியை அடித்தவுடன் அத்தோல் உள்நோக்கி அமிழ்கிறது; உள்ளே அடைபட்ட காற்று நெருக்குண்டு, வலந்தலையின் தோலை வெளிநோக்கித் தள்ளுகிறது. தொப்பியின் ஒலிவாங்கிக்குத் தோல் விலகிச் செல்வதால் முதலில் தளர்ச்சி வருகிறது. வலந்தலையின் ஒலிவாங்கிக்குத் தோல் நெருங்கி வருவதால் முதலில் நெருக்கம் வருகிறது. ஒரே அடி, இரண்டு எதிர் செய்திகள். வலந்தலையை அடித்தால் இது மாறி நிகழும். அப்போதும் இரண்டும் எதிராகவே இருக்கும். மந்தர ஒலியில் இவ்வெதிர்ப்பு மிகுதி. மேலொலியில் தோல் பல கூறுகளாகப் பிரிந்து அதிர்வதால் இத்தகைய ஒழுங்கு இல்லை. எனவேதான் கலவையில் விரற்சொற்கள் பிழைத்திருக்க, கும்கி மட்டும் மாய்கிறது.

கச்சேரி மேடையில் வலந்தலை பெரும்பாலும் அவையை நோக்கியிருக்கும். ஆகவே எட்டத்து ஒலிவாங்கியும் வலந்தலை ஒலிவாங்கியும் ஒரு கட்சியாக நிற்கும். எதிர்க்கட்சியில் தனித்து நிற்பது தொப்பியினுடையதே. அதன் பதிவை மட்டும் தலைகீழாகப் புரட்டினால் மூன்றும் ஒரு முகமாகும். கலவைக் கருவியில் இதற்குப் பொத்தான் உண்டு. விலையின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி என்னும் கணிப்பொறிச் செயலியில் ‘இன்வர்ட்’ என்னும் கட்டளை இதனைச் செய்யும். மேனாட்டாரின் ‘ஸ்நேர்’ முரசுக்கு மேலும் கீழும் ஒலிவாங்கி வைப்பவர்கள் கீழுள்ளதைப் புரட்டுவது வழக்கம், காரணமும் இதுவே. தோலின் குற்றமின்றியே, வடத்தினாலும் முனை மாறக்கூடும். மூன்று முள் கொண்ட ஒலிவாங்கி வடத்தில் 2-ஆம் முள்ளும் 3-ஆம் முள்ளும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தால் அலை புரண்டே வரும். உள்ளூரில் பழுது பார்த்த வடங்களைப் பதிவுக்கு முன்பே சோதித்துக் கொள்வது நலம்.

இனிக் காலப் பிழை. ஜங்லிகாட்டின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. வலந்தலையின் அருகு ஒலிவாங்கி தோலிலிருந்து 15 சென்டிமீட்டரிலும், எட்டத்து ஒலிவாங்கி 1.90 மீட்டரிலும் இருப்பின் வேறுபாடு 1.75 மீட்டர். அதனைக் கடக்க ஒலிக்கு ஐந்து மில்லி வினாடி, அதாவது வினாடியின் இருநூறில் ஒரு பங்கு, வேண்டும். இஃது ஓர் அற்பம் எனத் தோன்றலாம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இடைத்தொலைவு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். அதனை வானொலி அலை ஏறத்தாழ நான்கரை மில்லி வினாடியில் கடந்துவிடும். கடல் கடந்து வரும் ஒலிபரப்பைக் காட்டிலும், அதே கூடத்தில் ஆறடி தள்ளி நிற்கும் ஒலிவாங்கி தாமதமாகக் கேட்கிறது என்றால் வியப்பன்றோ!

வினாடிக்கு நூறு அதிர்வு உடைய மந்தர ஒலியை எடுத்துக் கொள்வோம். அதன் ஓர் அலைக்குப் பத்து மில்லி வினாடி. ஐந்து மில்லி வினாடி தாமதித்தால் சரிபாதி அலை பிந்துகிறது. அருகில் ஏற்றம் இருக்கையில் எட்டத்தில் இறக்கம். இரண்டையும் ஒத்த வலிமையில் கலந்தால் நூறு அதிர்வு ஒலி அழியும். அதனோடு 300, 500 என ஒற்றைப்படை மடங்குகளும் அழியும். 200, 400 ஆகியவை வலுக்கும். சீப்பின் பற்களைப் போல ஒன்றுவிட்டு ஒன்றாக இழப்பு நேர்வதால் இதனைச் ‘சீப்பு வடிகட்டல்’ என்பர்.

மிருதங்கத்துக்கு இது பெருங்கேடு. வலந்தலையின் நடுவில் அப்பிய கரிய சாதம், தோலின் மேலொலிகளை ஒன்று, இரண்டு, மூன்று என முழு எண் விகிதத்தில் ஒழுங்குபடுத்துகிறது; மற்ற முரசுகளுக்கு இல்லாத சுருதி அதற்கு வாய்த்தது அதனால்தான். சர் சி. வி. இராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழிலும், 1934-இல் விரிவான கட்டுரையிலும் இதனை விளக்கினார். அவ்வளவு அருமையாக அமைந்த வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றைச் சீப்பினால் வாரி எறிவதை யார் ஒப்புவர்?

இவ்விடத்தில் முனை மாற்றும் பொத்தானை அழுத்துவோருக்கு நேர்வதைப் பாருங்கள். எட்டத்துப் பதிவைப் புரட்டியதும் நூறு அதிர்வு ஒலி திரும்பி வருகிறது, கேட்டவர் மகிழ்கிறார். ஆனால் முன்பு வலுத்த 200, 400 இப்போது அழிகின்றன. நோய் ஓர் இடம்விட்டு மற்றோர் இடம் சென்றதேயன்றித் தீரவில்லை. காலப் பிழைக்குக் காலத்தாலேதான் மருந்து. எட்டத்துப் பதிவை ஐந்து மில்லி வினாடி முன்னே நகர்த்த வேண்டும். வினாடிக்கு 48,000 மாதிரி வீதம் எடுத்த பதிவானால் 240 மாதிரிகள் நகர்த்துவதாகும்.

எவ்வளவு நகர்த்துவது என்று அளவுகோலால் அளந்து கணக்கிடலாம். அதனினும் எளிய வழி உண்டு. பதிவு தொடங்கியவுடன் வாசிப்பவர் வலந்தலையில் ஒரே ஒரு சாப்பும், தொப்பியில் ஒரே ஓர் அடியும் தனித்து அடித்து, சிறிது நேரம் நிறுத்தட்டும். கணிப்பொறித் திரையில் அலையின் வரைவைப் பெரிதாக்கினால் அவ்வடி ஒவ்வொரு பதிவிலும் எங்கே தொடங்குகிறது, முதலில் மேலே செல்கிறதா கீழே செல்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். தொடக்கங்களை நேர்படுத்தினால் காலப் பிழை தீரும்; திசையைப் பார்த்தால் முனைப் பிழை விளங்கும். நாம் குறிப்பிட்ட இளைஞரின் பழைய பதிவை இவ்வாறே தொப்பியைப் புரட்டி, எட்டத்ததை நகர்த்திக் கேட்டபோது, ரவை கூட்டாத பழைய வாசிப்பிலேயே கும்கி எழுந்து வந்தது. ஆசிரியருக்கு அதுவே மறுபடி சென்றது. இடக்கையைப் பற்றி அதன்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை; வேகத்தில் காலப்பிரமாணம் ஓடுகிறது என்று கண்டித்தார். அந்தக் கண்டனம் வாசிப்பைப் பற்றியது. அதனை இளைஞர் மகிழ்ச்சியோடு ஏற்றுக் கொண்டார்.

மூன்றாவது ஒலிவாங்கியாகக் கைப்பேசியைப் பயன்படுத்துவோர் இன்று மிகுதி. ஒரே கருவியில் பதியும் ஒலிவாங்கிகளுக்குக் கடிகாரம் ஒன்றே; கைப்பேசிக்கோ தன் கடிகாரம் தனி. இரு கடிகாரங்களுக்கிடையே பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு வேறுபாடு இருந்தாலும், ஒரு மணி நேரக் கச்சேரியின் இறுதியில் 36 மில்லி வினாடி பிசகிவிடும். தொடக்கத்தில் நேர்படுத்தியது முடிவில் நில்லாது. கச்சேரியின் இறுதியிலும் ஒரு தனியடி அடிக்கச் செய்து, உருப்படிதோறும் பதிவை வெட்டித் தனித்தனியே பொருத்துவதே வழி.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பொருத்திவிட முடியும் என்றும் எண்ணற்க. எட்டத்து ஒலிவாங்கி மிருதங்கத்தை மட்டுமா கேட்கிறது? பாடகர் ஒரு தொலைவில், வயலின் வேறொரு தொலைவில், தகரக் கூரையின் எதிரொலி இன்னொரு தொலைவில் உள்ளன. மிருதங்கத்துக்காக நகர்த்தியபின் பாடகரின் அருகு ஒலிவாங்கியோடு பிணக்கு நேரலாம். ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பிணக்கினால் மிகுதியாக இழப்பது மந்தர ஒலியாதலின் தாள வாத்தியத்துக்கு முதலிடம் தருவது நம் கருத்து. பாட்டையே முதன்மையாகக் கொள்வோர் மாறாகச் செய்யலாம். பிணக்கைத் தொடக்கத்திலேயே குறைக்க எளிய விதி ஒன்று உண்டு. ஓர் ஒலிவாங்கி தன் வாத்தியத்திலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தால், அடுத்த ஒலிவாங்கி அதிலிருந்து மூன்று சாணாவது விலகியிருக்கட்டும். அப்போது அயல் ஒலி மெலிந்தே வரும். மெலிந்த அலை வலிய அலையை அழிக்க மாட்டாது.

இரண்டு ஒலிவாங்கிகளை ஒரே புள்ளியில் வைத்து, முகத்தை மட்டும் வெவ்வேறு பக்கம் திருப்புவது மற்றொரு முறை. இரண்டுக்கும் ஒலி ஒரே நேரத்தில் சேர்வதால் நேர்படுத்த வேண்டுவதே இல்லை. ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931-இல் விண்ணப்பித்த காப்புரிமையில் இவ்வழியை வகுத்தார். இரண்டே ஒலிவாங்கிகள் உள்ள பஜனைக் கூடத்துக்கு இதனினும் உகந்த முறை இல்லை என்போம். ஒரே ஒலிவாங்கிதான் உண்டு என்றால் இந்தத் தொல்லை முழுவதும் இல்லை.

காற்றின் ஈரம் பற்றிப் பலர் வினவுவதுண்டு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறிப் பெய்யும் தீவுகளில் ஈரத்தால் தோல் தளரும், ரவை உலரத் தாமதமாகும், சுருதி இறங்கும். ஒலியின் வேகத்திலோ அதனால் பெரிய மாறுதல் இல்லை. குளிரூட்டிய 20 டிகிரி அறையில் கணக்கிட்டாலும் நாம் கூறிய 240 மாதிரிகளில் நான்கைந்துதான் கூடும்.

இறுதிச் சோதனையைத் தலைக்கேள்வியில் செய்யலாகாது. அதில் ஒரு பதிவு இடச் செவிக்கும் மற்றது வலச் செவிக்கும் பிரிந்து செல்வதால் அலைகள் காற்றில் சந்திப்பதே இல்லை. எதிர்முனைப் பிழையும் மறைந்திருக்கும். மத்திய அலை ஒலிபரப்பிலும், ஒற்றை ஒலிபெருக்கி உடைய கைப்பேசியிலும் இரண்டும் ஒன்றாகக் கூட்டப்படும்போதுதான் குட்டு வெளிப்படும். ஊரிலுள்ள உறவினர் பலர் கேட்பதும் அவற்றில்தான். ஆகவே கலவையை ஒற்றை ஒலியாக்கி, ஓர் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். தொப்பியின் பதிவை ஒரு முறை நேராகவும் ஒரு முறை புரட்டியும் வைத்துப் பார்த்து, எதில் கும்கி நிறைந்து ஒலிக்கிறதோ அதனை நிறுத்திக் கொண்டு, அதன்பின் பதிவை அனுப்பலாம்.