டைகா: சொல்லும் பொருளும்

நிலத்திற்கு முதலில் பெயரிடுவோர் அதில் வாழும் மக்களே. அறிவியல் அப்பெயரைப் பின்னரே ஏற்கிறது. இதற்குச் சான்றாக விளங்குவது 'டைகா' என்னும் சொல்.

ஸ்காண்டிநேவியா, சைபீரியா, அலாஸ்கா, கனடா எனப் புவியின் வடபகுதியைச் சூழ்ந்துள்ள ஊசியிலைக் காடுகளைப் புவியியலார் டைகா என்பர். பைன், ஸ்புரூஸ், ஃபிர், லார்ச் முதலிய மரங்கள் இங்குச் செறிந்துள்ளன. ஊசி போன்ற இலைகள் நீரிழப்பைக் குறைக்கின்றன. கூம்பு வடிவம் பனியைக் கீழே சரியச் செய்கிறது.

இச்சொல்லை உலகிற்கு அளித்தது ருசிய மொழி. எனினும், அம்மொழிக்கும் இது கடன்சொல்லே. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், விலங்கின் மென்மயிர்த் தோலை நாடி ருசியர் யூரல் மலையைக் கடந்து சைபீரியாவினுள் நுழைந்தனர். அங்கு வழங்கிய துருக்கிய அல்லது மங்கோலிய மொழியிலிருந்து இச்சொல்லைப் பெற்றனர் என்பர் மொழியியலார். அல்தாய் மலைப்பகுதியின் துருக்கிய மொழிகளில் இது காடடர்ந்த மலையைக் குறிக்கும். ருசிய வழக்கில் மலை என்னும் பொருள் மறைந்து, அடர்காடு என்பதே எஞ்சியது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்த இச்சொல், பின்னர்க் கனடாவின் சதுப்புநிலச் சமவெளிக் காடுகளையும் தழுவியது. எள்ளின் நெய்யைக் குறித்த 'எண்ணெய்', பிற வித்துகளின் நெய்யையும் குறிப்பது போன்ற பொருள் விரிவு இது.

இக்காடுகளுக்குப் 'போரியல் காடு' என்றும் பெயருண்டு. கிரேக்கத் தொன்மத்தில் வடகாற்றின் தெய்வம் போரியாஸ். தெற்கே வாழ்ந்தோர் தம்மை நோக்கி வீசிய குளிர்காற்றைக் கொண்டு வடதிசையை அறிந்தனர். ஆகவே, போரியல் என்பது தொலைவில் நின்று சுட்டும் பெயர்; டைகா என்பதோ அந்நிலத்தினுள் பிறந்த பெயர்.

நம் மலைகளுக்கும் இத்தகைய பெருமையுண்டு. நீலகிரி போன்ற உயர்மலைகளில் புல்வெளிகளுக்கிடையே வளரும் காடுகளைச் சூழலியலார் தமிழ்ச் சொல்லாலேயே 'சோலா' என வழங்குகின்றனர். 'சோலை'யே அவ்வாறு திரிந்தது.

டைகா என்னும் சொல் உலக அகராதிகளில் நிலைபெற்றுவிட்டது. ஆனால், அக்காட்டில் வேட்டையாடியும் கலைமான் வளர்த்தும் வாழ்ந்த தோபா மக்களின் துருக்கிய மொழியை இன்று முதியோர் மிகச் சிலரே பேசுகின்றனர். ஒரு மொழி மறையுங்கால், காட்டைப் பற்றி அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய அறிவும் உடன் மறைகிறது. காட்டைக் காப்பது போன்றே, அதற்குப் பெயரிட்டோரின் மொழியைக் காப்பதும் நம் கடமையாகும்.