வீட்டுப் பட்டறையும் விளக்கு மாற்றமும்

உத்தியோகத்தினின்று இளைப்பாறிய நம் பழைய மாணவர் பலர் வீட்டின் கோடிப்புறத்திலே சிறு பட்டறையொன்று அமைத்துக்கொண்டிருக்கின்றனர். ஒருவர் மரங் கடைகின்றார். ஒருவர் பேசாது கிடந்த வானொலிப் பெட்டிகளைப் பேசவைக்கின்றார். இன்னொருவர் பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டு வண்டி செய்கின்றார். இப்பட்டறைகளின் கூரையிலே பெரும்பாலும் நான்கடி நீளமான குழாய் விளக்குகள் இரண்டோ நான்கோ தொங்கும். அவ்விளக்குகளின் காலம் முடிந்துகொண்டிருக்கின்றது. இரசத்தின் பாவனையைக் கட்டுப்படுத்தும்பொருட்டு 2013ஆம் ஆண்டில் உருவான மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், இத்தகைய குழாய்களின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதிகளும் 2027ஆம் ஆண்டு முடிவோடு நிற்றல் வேண்டுமென 2023இல் தீர்மானித்தன. ஆகவே இன்றோ நாளையோ நாம் எல்.ஈ.டி. விளக்குக்கு மாறியே ஆகவேண்டும். மின்சாரப் பட்டியலை மனத்திற்கொண்டே பலரும் மாறுகின்றனர். பட்டறையைப் பொறுத்தவரை அது இரண்டாவது காரணமே. முதலாவது காரணம் நம் கைவிரல்கள்.

இதனை விளங்கிக்கொள்ளக் குழாய் விளக்கின் இயல்பைச் சிறிது நோக்குவோம். குழாயினுள் சடத்துவ வாயுவோடு சிறிதளவு இரச ஆவியும் உண்டு. இலத்திரன்கள் இரச அணுக்களோடு மோதுகையில், கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கடந்த கதிர் பிறக்கின்றது. கண்ணாடியின் உட்பூச்சு அக்கதிரை ஏற்று, வெள்ளொளியாக மாற்றி வெளிவிடுகின்றது. நமது வீடுகளுக்கு வரும் ஆடலோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுக்கள் கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டம் இருமுறை சுழியமாவதால், பழைய சோக் பொருத்திய விளக்கின் ஒளி செக்கனுக்கு 100 முறை ஏறி இறங்கும். நமது கண் அதனை உணர்வதில்லை. ஆனாற் சுழலும் பொறி அதனை நமக்குக் காட்டிவிடும்.

கடைச்சற் பொறியில் மரத்தைப் பற்றும் சக்கிலே நான்கு தாடைகள் உண்டெனக் கொள்வோம். அது நிமிடத்துக்கு 1500 முறை, அதாவது செக்கனுக்கு 25 முறை சுழல்கின்றது. ஒரு தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்துசேரச் செக்கனின் நூற்றிலொரு பங்கு செல்லும். விளக்கும் சரியாக அதே இடைவெளியிலேதான் பிரகாசிக்கின்றது! ஆகவே ஒவ்வொரு பிரகாசத்தின்போதும் தாடைகள் ஒரே நிலையில் நிற்பனபோலத் தோன்றும். மூன்று தாடைச் சக்காயின் 2000 சுழற்சியில் இதே மாயம் நிகழும். வேகம் சிறிது கூடினாலோ குறைந்தாலோ, தாடைகள் மெல்ல முன்னோக்கியோ பின்னோக்கியோ நகர்வதாகத் தெரியும். அயல்வீட்டுப் பொறியின் இரைச்சலோ மழையின் இரைச்சலோ செவியை மறைத்திருக்கும் வேளையில், நின்றுவிட்டதென எண்ணி ஒருவர் கையை நீட்டிவிடுதல் கூடும். இதனை அறிந்தே அக்காலத் தொழிற்சாலைகளில் அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு மின்னவத்தைகளில் இணைத்தனர்; அல்லது இரட்டைக் குழாய்களுள் ஒன்றில் ஒடுக்கி (இன்றைய மாணவர் கொள்ளளவி என்பர்) ஒன்றைச் சேர்த்து, ஒன்று மங்கும்போது மற்றது பிரகாசிக்கச் செய்தனர். வீட்டுப் பட்டறைகளில் இவ்வேற்பாடு பெரும்பாலும் இல்லை.

எல்.ஈ.டி. என்பதைப் பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்கின்றன. 1962இல் நிக் ஹொலொன்யாக் கண்ணுக்குப் புலப்படும் சிவப்பொளி தரும் இருவாயியை ஆக்கினார். வெள்ளொளிக்கு இன்றியமையாத நீல ஒளியைப் பெற மேலும் முப்பதாண்டுகள் சென்றன. அதனைச் சாதித்த அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சட் பூச்சொன்று மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகின்றன.

இவ்விளக்கை வாங்கியவுடன் மேற்சொன்ன ஆபத்து நீங்கிவிடுமென்று எண்ணுதல் தவறு. குழாய் விளக்கின் பூச்சு ஒளியைச் சற்றே தேக்கி விடுவதால், அது முற்றாக இருள்வதில்லை. இருவாயியோ ஓட்டத்தை அக்கணமே பின்பற்றும். ஓட்டம் நின்றால் ஒளியும் நிற்கும். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கிச் சமப்படுத்தும் சுற்று விளக்கினுள் நன்றாக அமைந்திருந்தால் ஒளி சிறிதும் அசையாது. மலிவு நாடிச் சமப்படுத்தும் கொள்ளளவியைச் சிறிதாக்கியோ அறவே விட்டோ செய்த விளக்குகள், பழைய குழாயிலும் மோசமாகத் துடிக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டதைக் கொண்டு இதனை அறிதல் அரிது. ஆயின் கடையிலேயே சோதிக்கலாம். விளக்கின் கீழ் ஒரு பென்சிலைப் பிடித்து விரைவாக இருபுறமும் ஆட்டுங்கள். விசிறிபோல ஒரே மங்கலாகத் தெரிந்தால் நன்று. பல பென்சில்கள் தனித்தனியே நிற்பனபோலத் தெரிந்தால் அவ்விளக்கு பட்டறைக்கு உதவாது. கைத்தொலைபேசியின் படக்கருவியூடாக நோக்கினும், துடிக்கும் விளக்கிற் கரிய பட்டைகள் ஓடக் காணலாம். கடைக்காரர் நம்மை ஒருவகையாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்தது இணைக்கும் முறை. பழைய தாங்கியிலேயே பொருந்தும் எல்.ஈ.டி. குழாய்கள் விற்கப்படுகின்றன, அவை யாவும் ஒரே வகையின அல்ல. சிலவற்றுக்குச் சோக்கை விட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் கழற்றி, குழாயோடு வரும் போலி ஸ்டார்ட்டரை இட்டாற் போதும். சிலவற்றுக்குச் சோக்கையும் நீக்கி, மின்னை நேரே கொடுத்தல் வேண்டும். இவற்றுள்ளும், உயிர்க்கம்பியையும் நொதுமற்கம்பியையும் ஒரே முனையின் இரு ஊசிகளில் ஏற்பனவும் உண்டு. முனைக்கொன்றாக ஏற்பனவும் உண்டு. பின்னதில் ஒரு முனையைச் செருகி மறுமுனையைக் கையிற் பிடித்திருக்கும்போது, அம்முனையின் ஊசிகளில் 230 உவோற்று நிற்றல் கூடும். ஆதலின் சுவர் ஆளியை மட்டும் நம்பாது பிரதான ஆளியையே நிறுத்துதல் வேண்டும்; பழைய வீடுகள் சிலவற்றிற் சுவர் ஆளி நொதுமற்கம்பியில் இணைக்கப்பட்டிருப்பதும் உண்டு. மேலும், நேரடியாக இணைத்த தாங்கியில் நாளை வேறொருவர் அறியாது பழைய குழாயை மாட்டினால், அதன் இழை கணத்தில் எரியும்; கண்ணாடி வெடித்தலுங் கூடும். தாங்கியின் மேல் எச்சரிக்கைத் தாள் ஒட்டுவது கட்டாயம். என்னைக் கேட்டால், பழைய தாங்கியை முற்றாகக் கழற்றிவிட்டுப் புதிய எல்.ஈ.டி. விளக்குத் தொகுதியைத் தகுதிபெற்ற மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு பூட்டுவதே சிறந்ததென்பேன். செலவு சிறிது கூடும். ஐயம் முற்றாக ஒழியும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது 6500 கெல்வின் எனக் குறித்த நீலஞ் சார்ந்த வெள்ளை. மரவேலைக்கு 4000 கெல்வின் எனக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது. அதனினும் முக்கியமானது நிறங்காட்டுஞ் சுட்டி. அது 90க்கு மேற்பட்டால், தேக்குக்கும் பலாவுக்கும் பூசும் வண்ணம் பகலொளியிலும் ஏறத்தாழ அவ்வாறே தோன்றும். வானொலி திருத்துவோர் இதன் அருமையை நன்கறிவர்: தடையியின் வளையங்களிற் கபிலம் 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மட்டமான ஒளியில் இம்மூன்றும் ஒன்றாகவே தெரியும்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்? மரவேலைப் பொறிகளுக்கு ஐரோப்பிய நியமம் 500 இலக்சு என்கின்றது. 12 அடிக்கு 10 அடி அறையில் 18 உவாற்றுக் குழாய்கள் நான்கு, ஒவ்வொன்றும் 1800 இலுமென் வீதம் ஒளிர்ந்தாலும், சுவரும் கூரையும் விழுங்கியது போக மேசையை அடைவது ஏறத்தாழ 400 இலக்சுதான். சுவருக்கு வெள்ளையடித்து, பொறிக்கு மேலே தனி விளக்கொன்று வைத்தாற் குறை தீரும். அறுபது வயதினர் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினருக்கு அடைவதின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே என்பர் கண்ணியல் அறிஞர். எனவே நமது வகுப்புத் தோழர்கள் இதிற் சிக்கனம் பாராட்ட வேண்டாம்.

விளக்கின் ஆயுள் 25,000 மணி எனக் காண்பது இருவாயிக்குப் பொருந்தலாம். முதலில் இறப்பது பெரும்பாலும் அதனை இயக்கும் சுற்று, அதிலும் கொள்ளளவி. பத்துப் பாகை வெப்பம் ஏற அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சித்திரை வெயிலிற் கொதிக்கும் தகரக் கூரையோடு ஒட்டிப் பூட்டாது, ஓரடியேனும் கீழே தொங்கவிடுக.

மின்சாரச் சேமிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 36 உவாற்றுக் குழாயும் சோக்கும் சேர்ந்து 44 உவாற்றளவு கொள்ளும், புதியது 18. நான்கு விளக்குகள் நாளொன்றுக்கு நான்கு மணி எரிந்தால், மாதம் பன்னிரண்டு அலகு மிஞ்சும்.

கழற்றிய குழாய்களை மதிலோரத்திற் சாத்திவைத்தல் ஆகாது. பந்தெறியும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவை நிலைப்பதில்லை. பழைய பெட்டியிலோ தடித்த கடதாசியிலோ சுற்றி வைத்து, மின்கழிவு சேர்ப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். தவறி உடைந்தால், யன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நிற்க வேண்டும். பின்னர் தும்புத்தடியாற் கூட்டாது, துண்டுகளைத் தடித்த அட்டையால் அள்ளி, எஞ்சிய தூளை ஈரக் கடதாசியால் ஒற்றி எடுத்து, இறுக மூடும் போத்தலில் இட்டு வைக்கவேண்டும்.