மழுங்கிய ரோட்டவேட்டர் போல்ட்டைக் கழற்றுவது எப்படி?

நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. முறைத் தண்ணீர் வந்து வயலில் நிற்கிறது. சேற்றுழவுக்கு இறங்கிய ரோட்டவேட்டரில் பிளேடு ஒன்று உடைந்துவிட்டது. மாற்றலாம் என்று போனால் போல்ட் தலை மழுங்கி, ஸ்பேனர் வழுக்குகிறது. குறுகிய கால நெல் ரகங்களை 18 முதல் 22 நாள் நாற்றாக நட வேண்டும். நாள் தள்ளிப்போனால் தூர் கட்டுவது குறையும். பயிரைப் பற்றி எழுதும் நான் போல்ட்டைப் பற்றி எழுதுவது அதனால்தான்.

போல்ட் மழுங்கத் துரு பாதிக் காரணம், நம் அவசரம் மீதிக் காரணம். 19 போல்ட்டில் 20-22 ஸ்பேனரின் 20 பக்கத்தை மாட்டி இழுப்போம், முனைகள் உருண்டுவிடும். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ சுற்றிலும் பிடிப்பதால் எளிதில் வழுக்காது. இன்னொன்று, கலப்பைக்கு அடியில் குனிந்து வேலை செய்யும்போது திசை குழம்பி, கழற்றுவதாக நினைத்து இறுக்குபவர்கள் உண்டு. நானும் ஒருமுறை அப்படி இறுக்கி, விரல் முட்டியைக் கிழித்துக்கொண்டேன். நட்டை நேருக்கு நேர் பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்புங்கள்.

தொடங்கும் முன் டிராக்டர் என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். பி.டி.ஓ. ஷாப்டைக் கழற்றுங்கள். தூக்கி நிற்கும் ரோட்டவேட்டருக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை விடவே கூடாது.

சேற்றைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேயுங்கள். துரு இளக்கும் ஸ்பிரே அடியுங்கள். இல்லையென்றால் டீசல் விடுங்கள். அரை மணி நேரமாவது ஊறட்டும், இரவு முழுவதும் ஊறினால் இன்னும் நல்லது. இடையிடையே சுத்தியலால் தலையில் தட்டினால் துரு விட்டு, எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு தலையின் எதிரெதிர் பக்கங்களை அரத்தால் சமமாகத் தேய்த்து, ஓர் அளவு சிறிய ஸ்பேனரை இறுக்கமாக மாட்டிப் பாருங்கள். பைப் ரிஞ்சும் உதவும். பல போல்ட்டுகள் இதிலேயே வந்துவிடும்.

வரவில்லையா? போராட வேண்டாம். பிளேடு போல்ட் ஊடுருவிச் செல்வது, மறுபக்கம் நட் இருக்கிறது. இதைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை. நட்டின் ஒரு பக்கத்தைக் கிரைண்டரால் மரை வரை நீளவாக்கில் அறுத்து, உளி வைத்து ஓங்கி ஓர் அடி கொடுத்தால் நட் பிளந்துவிடும். பிளேடு மாட்டும் பிளேஞ்சில் கிரைண்டர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணியுங்கள், டீசல் கேனும் வைக்கோலும் பக்கத்தில் இருக்கக் கூடாது. போல்ட்டில் விட்ட டீசலையும் துடைத்துவிட்டு அறுங்கள்.

வார்ப்பு இரும்புக்குள் இறங்கிய கியர்பாக்ஸ் போல்ட் தலை முறிந்துவிட்டால் அது வேறு கதை. முறிந்த தண்டின் மேல் புதிய நட்டை வைத்து, உள்ளே வெல்டிங் நிரப்பி, சூடு ஓரளவு ஆறியதும் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து எடுப்பார்கள். வெல்டிங் சூடே துருப் பிடிப்பைத் தளர்த்திவிடும். ஆனால் பக்கத்தில் இருக்கும் ஆயில் சீல் கருகலாம். எனவே இந்த வேலையைப் பட்டறையில் விடுங்கள். வெல்டிங்குக்கு முன் ரோட்டவேட்டரை டிராக்டரிலிருந்து பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் பழுதாகலாம்.

புது போல்ட் வாங்கும்போது தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா, பழைய போல்ட்டில் இருந்த எண்ணுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண போல்ட் கல்லில் அடிபட்டால் முறியும். சூடேற்றிக் கழற்றிய போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள், அதன் உறுதி போயிருக்கும். சிலர் தொல்லை வேண்டாமென்று பிளேடையே வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை பிளேடு மாற்ற பிளேஞ்சையே அறுக்க வேண்டிவரும்.

ஸ்பிரிங் வாஷரோடு மாட்டி, வெளியே தெரியும் மரையில் கிரீஸ் தடவுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நான்கு போல்ட், நான்கு நட், சரியான அளவில் ஒரு ரிங் ஸ்பேனர் எப்போதும் டிராக்டர் டூல் பாக்ஸில் இருக்கட்டும்.