பாங்குகளுக்குக் கண்காணிப்பு ஏன்?

பாங்கில் புழங்கும் பணத்தில் பெரும்பகுதி அதன் முதலாளிகளுடையதன்று. குடியானவரும் தொழிலாளரும் சிறுகச் சிறுகச் சேர்த்த டிபாசிட்டேயாகும். ஆகையினால்தான் பாங்குகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ரிசர்வ் பாங்குக்கு அளித்தது.

அதிகாரம் இருந்தால் மட்டும் போதாது. காலத்தில் செலுத்தவும் வேண்டும். கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பாங்கின் குறைகள் 1950-களிலேயே தணிக்கையில் வெளிப்பட்டன. திருந்துமென்று காத்திருந்ததில் ஆண்டுகள் கழிந்தன. 1960-இல் நீதிமன்ற ஆணைப்படி அதனைக் கலைக்க நேர்ந்தது. அதன்பின்னரே, நலிந்த பாங்கை வலிய பாங்குடன் கட்டாயமாக இணைக்கும் அதிகாரமும், 1962 ஜனவரி முதல் டிபாசிட் இன்ஷூரன்ஸும் வந்தன. தொடக்கத்தில் ரூ.1,500 ஆக இருந்த காப்பு வரம்பு, 2020-இல் ரூ.5 லட்சமாயிற்று. இக்காப்பினால் பிறக்கும் நம்பிக்கையே பாங்குக்கு முதல் எனலாம்.

எனினும் கட்டுப்பாட்டிற்கும் விலையுண்டு. டிபாசிட்டில் ஒரு பகுதியை ரிசர்வ் பாங்கில் ரொக்கமாகவும், மற்றொரு பகுதியைப் பெரும்பாலும் அரசாங்கப் பத்திரங்களிலும் வைத்தல் வேண்டும். 1991-இல் இவ்விரண்டுக்குமாக நூற்றுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. அவ்வளவும் உழவுக்கும் தொழிலுக்கும் கடனாகச் செல்லாத தொகையன்றோ? நரசிம்மம் குழுவின் யோசனைக்குப் பின் இவ்விகிதங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. வரப்பு வேண்டும், வயலையே விழுங்கும் வரப்பு வேண்டாம்.

ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நலம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் டிபாசிட்டுகளுக்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. ஆகவே சங்கத்தின் பேரவைக் கூட்டத்திற்குத் தவறாது சென்று, தணிக்கை அறிக்கையைக் கேட்டறிவது அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும். அங்கே முதற் கண்காணிப்பாளர் நாமே.