குழந்தையின் கட்டைவிரலும் வண்டியின் விசையும்



கொச்சி நகரின் தென்கோடியில், காயலை ஒட்டி அமைந்தது இடக்கொச்சி. தொழில் நிமித்தம் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் இல்லத்திற்குச் சில காலத்திற்கு முன் சென்றிருந்தேன். வீட்டின் பின்புறத் தென்னந்தோப்பில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நான்கு தடித்த சக்கரங்களையுடைய சிறிய குவாட் பைக்கின் மீது அமர்ந்திருந்தாள். ஓட்டத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, "பெரியப்பா, விரல் வலிக்கிறது" என்று இறங்கிவிட்டாள். ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிக்க அவளுடைய கட்டைவிரலுக்கு வலிமை போதவில்லை.

இதைக் கண்ட குடும்ப நண்பர் ஒருவர், உள்ளிருந்த ஸ்பிரிங்கைச் சிறிது வெட்டிக் குறைத்துவிட்டார். விசை உடனே இலகுவாயிற்று. ஆனால் மறுநாள் சிறுமி விரலை எடுத்த பின்னரும் வண்டி நிற்கவில்லை. வேலியை நோக்கி ஓடிற்று. பின்னால் நடந்து வந்த தந்தை, எஞ்சினை நிறுத்தும் கயிற்றை இழுத்தமையால் தீங்கு ஏதும் நேரவில்லை. விசையை இலகுவாக்க வேண்டும் என்று அந்த நண்பர் எண்ணியது சரியே. அதற்கு அவர் கையாண்ட வழிதான் தவறு. அப்படியாயின் சரியான வழி யாது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வகை வண்டிகளின் வரலாறு நீண்டதன்று. 1970-இல் ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கர வண்டியொன்றை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1982-இல் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியை அறிமுகம் செய்தது. 1984-இல் அதே நிறுவனம் சிறுவர்க்கென 50 சி.சி. வண்டியொன்றை வெளியிட்டது. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்து பலரைக் காயப்படுத்தியமையால், 1988-இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவற்றின் புது விற்பனையைத் தயாரிப்பாளர்கள் கைவிட்டனர்.

ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் நாம் கைப்பிடியைத் திருகி வேகம் கூட்டுகிறோம். குவாட் பைக்கிலோ கட்டைவிரலால் அழுத்தும் சிறு நெம்புகோல் உள்ளது. இதற்குக் காரணம் உண்டு. மேடுபள்ளத்தில் வண்டி துள்ளும்போது ஓட்டுபவரின் உடல் பின்னோக்கிச் சாயும். விழாதிருக்க அவர் கைப்பிடியை இறுகப் பற்றுவார். திருகும் பிடியாயின், அந்தப் பற்றுதலே அதைத் திருப்பி வேகத்தைக் கூட்டிவிடும். கட்டைவிரல் விசையில் நான்கு விரல்களும் பிடியைப் பற்ற, வேகம் தனியே நிற்கிறது. ஆகவே, "குழந்தைக்கு எளிதாக இருக்கட்டும்" என்று திருகும் பிடியை மாற்றிப் பொருத்துவது விவேகமாகாது.

இனி, விசை கடினமாவது ஏன் எனக் காண்போம். நெம்புகோலை அழுத்தினால், உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பி, அதாவது கேபிள், இழுக்கப்படுகிறது. அதன் மறுமுனை கார்புரேட்டரின் கதவைத் திறக்கிறது. விரலை எடுத்ததும் அக்கதவை மூடுவது ஸ்பிரிங்கின் பணி. விரல் வெல்ல வேண்டிய எதிர்ப்புகள் இரண்டு: ஒன்று ஸ்பிரிங், மற்றொன்று கேபிளின் உராய்வு.

உராய்வின் வலிமையை அறிய வேண்டின், இடக்கொச்சிப் படகுத்துறையில் சற்று நின்று பாருங்கள். படகோட்டி ஒருவர் கயிற்றைக் கட்டைக்கு இரண்டு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் கையால் பெரிய படகையே நிறுத்திவிடுகிறார். சுற்று கூடக் கூட, கயிற்றின் பிடிப்பு பன்மடங்காகப் பெருகுகிறது. கேபிளின் வளைவுகளும் அவ்வாறே. உராய்வுக் கெழு 0.15 எனக் கொண்டால், ஒரு செங்கோண வளைவு இழுக்க வேண்டிய விசையைக் கால் பங்கிற்குச் சற்று மேலாகக் கூட்டும்; மூன்று செங்கோண வளைவுகள் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. உராய்வு இருபுறமும் தடை செய்வது. அழுத்தும்போது விரலை எதிர்க்கும் அதே உராய்வு, விடுவிக்கும்போது ஸ்பிரிங்கை எதிர்க்கும். ஆதலின் உராய்வைக் குறைத்தால் விசை இலகுவாவதோடு கதவும் விரைந்து மூடும். ஸ்பிரிங்கைத் தளர்த்தினாலோ, விசை இலகுவாகும். ஆனால் மூட வேண்டிய வலிமை குன்றிவிடும். மேற்கூறிய நண்பரின் பிழை இதுவே.

எனவே முதற்பணி கேபிளைச் சீர் செய்தலாகும். அது செல்லும் வழியில் கூர்மையான வளைவுகள் இருப்பின், அகன்ற வளைவுகளாக மாற்றி அமைக்கலாம். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். ஓர் இழை அறுந்திருந்தாலும், துரு ஏறியிருந்தாலும், உறை நசுங்கியிருந்தாலும், எண்ணெய் இட்டுச் சமாளிக்க முயலாமல் புதிய கேபிளை மாற்றுவதே முறை. கேபிளுக்குரிய மெல்லிய எண்ணெயையே இடுதல் வேண்டும். வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. அது 24 பாகை வெப்ப அளவிலேயே உறையத் தொடங்குவது, தூசியையும் பற்றிக்கொள்வது. உள்ளே நெகிழிப் பூச்சுள்ள கேபிள்களுக்கு, வண்டியின் கையேடு கூறினாலன்றி எண்ணெய் இடலாகாது. நெம்புகோல் சுழலும் அச்சாணியையும் தூய்மை செய்து சிறிது மசகு இடுதல் நலம்.

இரண்டாவது வழி, நெம்புகோலின் நீளம். பாக்குவெட்டியின் பிடியை அதன் நுனியில் பற்றினால் கொட்டைப்பாக்கு எளிதில் நறுங்கும்; நடுவில் பற்றினால் கை வலிக்கும். அதே நியதியே இங்கும். அச்சாணியிலிருந்து கேபிள் 1 செ.மீ. தொலைவிலும், கட்டைவிரல் 3 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். கேபிளை இழுக்க 2.4 கிலோகிராம் எடையளவு விசை வேண்டுமாயின், விரல் 800 கிராம் அழுத்த வேண்டும். விரல் படும் இடத்தை 4 செ.மீ. ஆக்கினால் 600 கிராம் போதும். ஆயினும் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. கேபிள் 6 மில்லிமீட்டர் நகர, முன்னர் 18 மில்லிமீட்டர் பயணம் செய்த விரல், இனி 24 மில்லிமீட்டர் செல்ல வேண்டும். குழந்தையின் விரல் வலிமை மட்டுமன்று, அதன் எட்டும் சிறிதே. எனவே நீட்டுதல் ஓரளவோடு நிற்க வேண்டும். நீட்டிய துண்டு கூரிய முனையின்றி, பிரேக் பிடியிலோ வேறெதிலோ சிக்காவண்ணம் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும்.

மூன்றாவது வழி மிக எளியது, பலர் கருதாதது. ஹேண்டில்பாரில் நெம்புகோல் அமைந்த கோணத்தைச் சற்றே திருப்பி, குழந்தை பிடியைப் பற்றியபடியே கட்டைவிரல் இயல்பாக அதன்மீது படியுமாறு செய்யலாம். எட்டாத விசையை அழுத்தக் குழந்தை உள்ளங்கையை நகர்த்தும். அப்போது பிடி தளரும், பிரேக்கும் கைக்கு எட்டாது போகும். விரல் வலிக்கு விசையின் கடினம் மட்டுமன்றி, அதன் இடமும் காரணமாதல் உண்டு.

இவ்வண்டிகள் பலவற்றில் விசையின் பயணத்தைக் கட்டுப்படுத்தும் திருகாணி ஒன்று உள்ளது. அதை உட்புறமாகத் திருகினால் முழுவேகம் கிட்டாது. அமெரிக்கத் தரவிதிப்படி, ஆறு வயதிற்கு மேற்பட்டோர்க்கான வண்டி கட்டுப்பாட்டுடன் மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டரும், கட்டுப்பாடு நீக்கியபின் 24 கிலோமீட்டருமே செல்லலாம். விசையை இலகுவாக்கும்போது இத்திருகாணியை இறுக்கியே வைத்தல் வேண்டும். இலகுவான விசை விரைவில் முழுமையாகத் திறக்கும் என்பதை மறத்தலாகாது. மின்சார வண்டிகளில் கேபிளே இல்லாமையால் விசை மிக மென்மையானது. அங்கும் ஒரு துள்ளலில் விரல் அழுந்திவிடும் அபாயம் உண்டாகையால், குறைந்த வேக நிலையிலேயே பழக்கத் தொடங்குதல் நன்று.

மாற்றம் எதுவாயினும் சோதனையின்றிக் குழந்தையை ஏற்றலாகாது. எஞ்சினை நிறுத்தி வைத்து, விசையை முழுதும் அழுத்தி விடுங்கள். அது உடனே தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, இதையே மறுபடியும் செய்யுங்கள். பின்னர்ப் பெரியவர் ஒருவர் பிரேக்கைப் பிடித்தபடி எஞ்சினை இயக்கி, ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சினின் ஒலி உயருமாயின் கேபிள் இழுபடுகிறது என்பது பொருள். இறுதியாக, நிறுத்துகயிறு செயற்படுகிறதா எனவும் காண்க. இவற்றுள் ஒன்றில் குறையிருப்பினும், அன்று வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும்.

மற்றொன்றும் கூறியாக வேண்டும். பதினாறு வயது நிரம்பாதவர்கள் இவ்வண்டிகளை ஓட்டுதலே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் கருத்து. நம் நாட்டிலோ, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சிறுவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டுதல் குற்றம். 2019-இல் செய்த திருத்தத்தின்படி பெற்றோர்க்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு, வீட்டை அடுத்த சந்து சொந்த முற்றம்போல் தோன்றலாம். சட்டத்தின் பார்வையில் அது பொது வழியே. வேலியிட்ட சொந்த நிலம், தலைக்கவசம், அருகில் நடக்கும் பெரியவர் ஆகிய மூன்றும் இல்லையேல் வண்டி வேண்டாம்.

இடக்கொச்சிச் சிறுமியின் வண்டிக்குப் பின்னர்ப் புதிய ஸ்பிரிங்கும் புதிய கேபிளும் பொருத்தப்பட்டன; நெம்புகோலின் கோணமும் சிறிது திருப்பப்பட்டது. வெட்டாத ஸ்பிரிங்கோடு கூடிய அந்த விசையை இப்போது அவள் வலியின்றி அழுத்துகிறாள். அவள் விரலை எடுத்த கணமே வண்டி அடங்குகிறது. விசை அழுத்துவதற்கு எவ்வளவு எளிதோ, விடுவதற்கும் அவ்வளவு உறுதியாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் நினைவிற் கொள்ள வேண்டுவது.