முதுகுக்குப் பின்னால் ஒலித்த இசை

1723இல் இசையமைப்பாளர் யோஹான் செபஸ்தியன் பாக்கை ஆலய இசைப் பொறுப்புக்கு எடுத்தபோது லைப்சிக் நகர சபை ஒரு நிபந்தனை போட்டது: ஆலய இசை ரொம்ப நீளக்கூடாது, ஓபரா போல ஒலிக்கவும் கூடாது. பாக் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார். மறு ஆண்டே, 1724 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று, இயேசுவின் சிலுவைக் கதையை யோவான் சுவிசேஷப்படி பாடும் 'யோவான் பாடுகள்' அரங்கேறியது. பாட்டு மட்டுமே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நடுவே பிரசங்கம் வேறு.

அன்று அதைக் கேட்டவர்களை நினைத்துப் பாருங்கள். லெந்து என்னும் தவக்கால நாட்களில் அந்த ஊர் ஆலயங்களில் வாத்தியங்களோடு பெரிய இசை அநேகமாகக் கிடையாது. வாரக்கணக்கில் வெறும் பாமாலைகளைப் பாடிவிட்டு வந்த காதுகள் அவை. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் மேற்குப்புற மாடத்தில். போதகரைப் பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு இசை முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே. யார் பாடுகிறார்கள் என்று தெரியாது. பெண் குரல் பகுதிகளைப் பாடியதும் சிறுவர்கள்தான். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஆராதனையில் எதற்குக் கைதட்டல்?

1727இல் 'மத்தேயு பாடுகள்' வந்தது. இதில் பாடகர் குழு இரண்டு, வாத்தியக் குழு இரண்டு. தோமா ஆலயத்தில் 1736இல் இரண்டு ஆர்கன்களையும் சேர்த்து வாசித்தார்கள் என்று கோயில் ஊழியரே குறித்து வைத்திருக்கிறார். கேட்பவரை நாலாபுறமும் இசை சூழவேண்டும் என்று இன்று டிக்கெட் போட்டு விற்கிறார்களே, அதைப் பாக் அன்றே செய்துவிட்டார்.

அவர் காலத்துக்குப் பின் இவை ஊர் நினைவிலிருந்து நழுவின. 1829இல் பெர்லினில், இருபது வயது இசையமைப்பாளர் மெண்டல்சன் 'மத்தேயு'வை எடுத்தார். பாடியவர்கள் 150 பேருக்கு மேல். பல பாடல்களை வெட்டினார். பழைய ஓபோ வகைகள் அப்போது வழக்கொழிந்திருந்ததால் கிளாரினெட்டை வைத்துச் சமாளித்தார். ஆலயத்தில் பிறந்தது கச்சேரிக்குப் போனது அன்றுதான். அடுத்த நூறாண்டுக்கு மேல், கூட்டம் பெருத்தால் பக்தியும் பெருகும் என்ற கணக்கே நடந்தது.

பழைய வாத்தியங்கள் திரும்பிய கதை எனக்கு மேடைக் கதையைவிடப் பிடிக்கும். பாக் கேட்ட 'ஓபோ ட காச்சா' வளைந்த குழல். மேலே தோல் போர்த்து, நுனியில் பித்தளை வாய் வைத்தது. லைப்சிக்கில் ஐகன்டோஃப் என்பவர் 1724இல் செய்த இரண்டு, ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன் அருங்காட்சியகங்களில் எஞ்சியிருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் இன்றைய கைவினைஞர்கள் மறுபடி செய்தார்கள். ஆர்னோன்கூர் என்பவர் 1953இல் வியன்னாவில் தொடங்கிய குழு 1970இல் 'மத்தேயு'வைப் பழைய வாத்தியங்களில் பதிவு செய்தது. குடல் நரம்பு பூட்டிய வயலின், அரைக்கட்டை இறக்கிய சுருதி. ஒலி மெலிந்தது, சொல் கேட்டது.

அடுத்தது நாடகம். 1993இல் லண்டனில் ஓர் ஆலயத்துக்குள் இயக்குநர் ஜோனதன் மில்லர் 'மத்தேயு'வைப் போட்டார். பாடகர்கள் அன்றாட உடையில், பார்ப்பவர்கள் சுற்றிலும். பாட்டுக்குத் துணை வாசிப்பவர் எழுந்து வந்து பாடகரின் எதிரே நிற்பார், அவ்வளவுதான் நடிப்பு. 2019இல் அதே லண்டனில், பழைய வாத்தியக் குழுவான 'ஆர்கெஸ்ட்ரா ஆஃப் தி ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட்'டோடு சைமன் ராட்டில் நடத்திய 'யோவானு'க்கு பீட்டர் செல்லர்ஸ் மேடை அமைத்தார். 2024இல், 'யோவான்' பிறந்து 300 ஆண்டு ஆனபோது, சாஷா வால்ட்ஸ் சால்ஸ்பர்க்கில் அதை நடனமாக்கினார்.

வாத்தியத்தில் 1724க்குப் போயாயிற்று, மேடையிலோ லைப்சிக் சபை தடுத்த ஓபராத்தனத்தைத்தான் செய்கிறார்கள். எனக்கு இதில் குறை தோன்றவில்லை. அன்று வந்தவருக்கு அந்தச் சிலுவைக் கதை தம் வீட்டுச் சங்கதி, உடல்மொழி வேண்டியிருக்கவில்லை. இன்று டிக்கெட் வாங்கி வருபவரில் பாதிப் பேர் பைபிளைத் திறந்தே பார்த்திராதவர்களாக இருக்கலாம். ஒரு குரல் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பாடும்போது அவர்களுக்கும் கதை பிடிபடுகிறது. ஆனால் அதற்கு மில்லர் செய்த அளவு போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு காட்சி வேண்டும் என்று இயக்குநர் கிளம்பினால், வாத்தியத்தை மெலிதாக்கிச் சம்பாதித்த தெளிவெல்லாம் கண்ணுக்குப் போய்விடும்.

'மத்தேயு'வில் ஒரு பாமாலை மெட்டு ஐந்து முறை திரும்பி வரும். ஹாஸ்லர் என்பவர் 1601இல் காதல் பாட்டுக்குப் போட்ட மெட்டு அது. பெரிய வெள்ளியன்று நம் ஊர்ச் சபைகளில் தமிழில் பாடிப் பழகியவர்கள் முதல் வரியிலேயே தலை நிமிர்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு யோசனை: முதல் தடவை காணொளி வேண்டாம். ஒலிபெருக்கியை முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.